செடிக்கு எதற்குச் சுணை?

நீலச்சாயம் தரும் அவுரியும் வயலுக்குத் தழையுரமாகப் போகும் கொழுஞ்சியும் ஒரே வரப்பில் நின்றால், பூவும் காயும் இல்லாத நாளில் பலருக்கும் குழப்பம் வரும். இரண்டும் குறுஞ்செடிகள். இரண்டிலும் நடுக்காம்பின் இருபுறமும் சின்னச் சின்னச் சிற்றிலைகள். இரண்டுமே அவரைக் குடும்பம். கொழுஞ்சியை அறிய எளிய வழி ஒன்று உண்டு. சிற்றிலையின் நுனியைப் பிடித்து இழுத்தால் அது நேராகக் கிழியாது. சாய்ந்து ஓடும் பக்க நரம்புகளின் போக்கிலேயே பிய்ந்து, அம்புமுனை வடிவில் கையோடு வரும். அவுரியை அறியும் வழி வேறு. அதற்கு ஓர் உருப்பெருக்கி வேண்டும்.

பத்து மடங்கு பெருக்கிக் காட்டும் லென்ஸால் அவுரி இலையின் அடிப்புறத்தைப் பாருங்கள். வெண்ணிறக் கோடுகள் இலைப்பரப்போடு படுத்துக் கிடக்கும். அவைதான் செடியின் ரோமம், அதாவது சுணை. ஒவ்வொரு கோட்டுக்கும் இரண்டு முனையும் கூராக இருக்கும். இலையோடு ஒட்டியிருப்பது முனையில் அல்ல, நடுவில். தராசுத் தண்டு நடுவில் மட்டும் பிடிப்பு கொண்டு இருபுறமும் நீண்டு நிற்பதுபோல, அந்த ரோமம் நடுப்புள்ளியில் ஊன்றி இருபக்கமும் கை நீட்டியிருக்கும். அவுரிப் பேரினம் முழுவதற்கும் இது பொது அடையாளம். கொழுஞ்சியின் ரோமமோ அடியில் ஊன்றி ஒரே பக்கம் நீளும் சாதாரண ரோமம். இந்த ஒரு வேறுபாடு தெரிந்தால் பூ வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

காட்டுச் செடிகளை அடையாளம் காணத் தொடங்குபவர்கள் முதலில் பூவைப் பார்க்கிறார்கள், பிறகு இலையின் வடிவத்தை. ரோமத்தைப் பார்ப்பவர்கள் குறைவு. தாவரவியலாளர்கள் அப்படி விடுவதில்லை. கேம்பிள் 1915இல் தொடங்கி ஃபிஷர் 1936இல் முடித்த சென்னை மாகாணத் தாவரத் தொகுதியானாலும், திருச்சி தூய வளனார் கல்லூரியின் ராபினட் ஹெர்பேரியத்தில் கே.எம். மேத்யூ 1980களில் கொண்டுவந்த தமிழ்நாட்டுச் சமவெளித் தாவரத் தொகுதியானாலும், ஓர் இனத்தை இன்னோர் இனத்திலிருந்து பிரிக்கும் இடங்களில் ரோமம் திரும்பத் திரும்ப வரும். தண்டில் இருக்கிறதா, இலையின் அடியில் மட்டுமா, படுத்திருக்கிறதா, நிமிர்ந்திருக்கிறதா, பிசுபிசுக்கிறதா என்ற கேள்விகள்தான் அங்கே வழிகாட்டி.

ரோமம் என்பது செடியின் மேல்தோல் செல் ஒன்று வெளியே நீண்டு வளர்வதால் உண்டாவது. அந்த ஒரு செல்லே கடைசிவரை ஒற்றைச் செல்லாக இருந்துவிடலாம். பிரிந்து பிரிந்து பல செல்களாகவும் ஆகலாம். நாம் உடுத்தும் பருத்தி நூலுக்கு மூலமான பஞ்சு இப்படிப்பட்ட ஒற்றைச் செல் ரோமம்தான். பருத்தி விதையின் மேல்தோலில் ஒரு செல், பூ மலரும் நாளையொட்டி நீளத் தொடங்கி, நல்ல இழை ரகங்களில் மூன்று சென்டிமீட்டர் அளவுக்கு வளர்ந்துவிடுகிறது. கண்ணுக்குத் தெரியாத அகலம் கொண்ட ஒரே செல் இவ்வளவு நீள்வது தாவர உலகில் அபூர்வம்.

முள் வேறு, ரோமம் வேறு. கருவேல முள்ளும் எலுமிச்சை முள்ளும் இலையோ கிளையோ உருமாறியவை. உள்ளே கடத்துத் திசுக்கள் ஓடும். நாயுருவிக் கதிர் வேட்டியில் ஒட்டிக்கொள்வதற்கும் ரோமம் காரணம் அல்ல. பூவை ஒட்டியிருக்கும் சிறு செதில்களின் கூர்முனைதான் துணியில் ஏறுகிறது. ரோமத்தை நகத்தால் சுரண்டினால் தோலோடு வந்துவிடும். கிளையிலிருந்து வளர்ந்த முள் அப்படி வராது.

ரோமங்களில் முதலில் பார்க்க வேண்டியது, நுனியில் உருண்டை இருக்கிறதா என்பது. இருந்தால் அது சுரப்பி ரோமம். துளசியும் கற்பூரவல்லியும் மணப்பது இவற்றால்தான். இலைத்தோலில் உள்ள சுரப்பிகள் எண்ணெயைச் சுரந்து, மெல்லிய உறைக்கு அடியில் தேக்கி வைத்திருக்கின்றன. நாம் இலையைக் கசக்கும்போது உறை உடைந்து மணம் பரவுகிறது. தக்காளிச் செடிக்குக் கவாத்து செய்தவர்களின் விரல்கள் மஞ்சளும் பச்சையுமாகி, சோப்பு போட்டாலும் எளிதில் போகாமல் இருப்பதும் இதே காரணத்தால். மலேரியாவுக்கு எதிரான ஆர்ட்டிமிசினின் என்ற மருந்து, மாசிபத்திரிக்கு உறவான ஆர்ட்டிமிசியா ஆனுவா செடியின் சுரப்பி ரோமங்களில்தான் உருவாகிறது. அதைக் கண்டறிந்த சீன விஞ்ஞானி தூ யூயூவுக்கு 2015இல் நோபல் பரிசு கிடைத்தது.

தரிசு நிலங்களில் மழைக்குப்பின் முளைக்கும் நாய்வேளையின் தண்டைத் தொட்டால் விரல் பிசுபிசுக்கும். உற்றுப் பார்த்தால் சிறு பூச்சிகள் ஒட்டிச் செத்திருப்பதும் தெரியும். வேலிகளில் படரும் சிறுபூனைக்காலியின் காயைச் சுற்றி வலைபோலக் கிடக்கும் பச்சை இழைகளின் நுனியிலும் பசை உண்டு. அமெரிக்க வெப்பமண்டலத்திலிருந்து வந்து நம் வேலிகளில் நிலைத்துவிட்ட கொடி இது. 1995இல் இந்திய ஆய்வாளர்கள் சிலர் இதன் பசை இழைகளை ஆராய்ந்து, அவை பூவையும் காயையும் பூச்சிகளிடமிருந்து காப்பதோடு, சிக்கிய பூச்சிகளைச் செரிக்கும் நொதிகளையும் கொண்டிருக்கின்றன என்று எழுதினார்கள். இதன் அடுத்த படியில் நிற்பது அழுகண்ணி. ஈரமான மணல் நிலங்களில் தரையோடு ஒட்டி வளரும் இச்செடியின் இலைகளில் நுனி சிவந்த இழைகள் பசைத் துளியோடு நிற்கும். பூச்சி சிக்கினால் அவை வளைந்து மூடும். டார்வின் 1875இல் பூச்சியுண்ணும் செடிகளைப் பற்றி எழுதிய நூலில் பெரும்பகுதியை இந்தப் பேரினத்துக்கே ஒதுக்கினார்.

சுரப்பி இல்லாத ரோமங்களில் அடுத்துப் பார்க்க வேண்டியது வடிவம். துத்தி இலையைத் தொட்டால் வெல்வெட் துணியைத் தொட்ட மென்மை. லென்ஸில் பார்த்தால் அந்த மென்மைக்குக் காரணம் தெரியும்: ஒரே புள்ளியிலிருந்து பல திசைகளில் கதிர் விடும் நட்சத்திர ரோமங்கள். பருத்தி, வெண்டை, அரிவாள்மனைப்பூண்டு எல்லாம் துத்தியின் குடும்பம். நட்சத்திர ரோமம் இக்குடும்பத்தில் பரவலாக உண்டு. பெயர் தெரியாத செடியில் நட்சத்திர ரோமமும், உரித்தால் நாராக வரும் பட்டையும் சேர்ந்திருந்தால் முதலில் இந்தக் குடும்பத்தைச் சந்தேகிக்கலாம். நட்சத்திர ரோமம் மட்டும் போதாது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். சுண்டைக்காய்ச் செடிக்கும் நட்சத்திர ரோமம் உண்டு. ஆனால் அது கத்தரிக் குடும்பம்.

துத்தியிலேயே இரண்டைப் பிரிக்கும் இடம் இன்னும் சுவையானது. சாலையோரம் நாம் காணும் சாதாரணத் துத்தியின் தண்டில் நுண்ணிய நட்சத்திர ரோமங்கள் நெருங்கிப் படிந்திருக்கும். அபுட்டிலான் ஹிர்ட்டம் என்ற அதன் நெருங்கிய உறவின் தண்டிலோ, நட்சத்திர ரோமங்களுக்கு மேலே நீண்ட ஒற்றை ரோமங்கள் நிமிர்ந்து நிற்கும். இடையே பசைச் சுரப்பிகளும் உண்டு. பூக்காத நாளிலும் தண்டை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தால் இந்த நீண்ட ரோமங்கள் ஓரத்தில் ஒளிரும். பூத்தபின் சரிபார்த்துக்கொள்ளலாம்: துத்தியின் மஞ்சள் பூவில் நடுப்பகுதியும் மஞ்சள்தான், மற்றதில் நடுவே கருஞ்சிவப்பு.

இன்னொரு பாடம் அம்மான் பச்சரிசிப் பேரினத்தில் இருக்கிறது. நிமிர்ந்து வளரும் அம்மான் பச்சரிசியை எல்லோருக்கும் தெரியும். நடைபாதைக் கற்களின் இடுக்கில் தரையோடு படரும் குட்டி இலை வகைகளைப் பலரும் ஒரே செடி என்று நினைத்துக் கடந்துவிடுகிறோம். அவற்றில் யூபோர்பியா தைமிஃபோலியா ஒன்று. யூபோர்பியா புரோஸ்ட்ரேட்டா இன்னொன்று. இரண்டிலும் பால் வரும், இரண்டின் தண்டும் சிவக்கும். பிரித்துக் காட்டுவது சுமார் ஒரு மில்லிமீட்டர் அளவுள்ள காய். மூன்று விளிம்புகள் கொண்ட அந்தக் காயில் ரோமம் மேற்பரப்பு முழுதும் சீராகப் படிந்திருந்தால் அது தைமிஃபோலியா. விளிம்புகளில் மட்டும் நீண்ட ரோமம் நின்று, இடைப்பட்ட பக்கங்கள் வழுவழுப்பாக இருந்தால் புரோஸ்ட்ரேட்டா. லென்ஸில் ஒருமுறை கண்டுவிட்டால் பிறகு ஐயமே வராது. ரோமம் இருக்கிறது, இல்லை என்று சொல்வது போதாது. எங்கே இருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும்.

கவிழ்தும்பை பெயரால் தும்பையோடு குழம்பும், குடும்பம் வேறு. அதன் இலையைத் தடவினால் சுரசுரக்கும். ஒவ்வொரு ரோமத்தின் அடியிலும் வெண்மையான சிறு மேடு இருக்கிறது. ரோமம் உதிர்ந்த பிறகும் அந்த மேடு புள்ளியாக நிற்கும். வேலியில் கோவைக் கொடியும் முசுமுசுக்கையும் சேர்ந்து ஏறியிருந்தால் கண்ணை மூடிக்கொண்டே பிரிக்கலாம். கோவை இலை வழுவழுப்பு, முசுமுசுக்கை விரலைப் பற்றும்.

சரி, செடிக்கு இந்த ரோமங்கள் எதற்கு? ஒரே விடை கிடையாது. பல காரணங்கள் உண்டு. ஒரே செடியிலும் பல காரணங்கள் சேர்ந்திருக்கலாம்.

வெயிலும் வறட்சியும் முதலில் நினைவுக்கு வரும். இலையை ஒட்டி அசையாத காற்றின் மெல்லிய அடுக்கு ஒன்று எப்போதும் இருக்கும். அடர்ந்த ரோமம் அந்த அடுக்கைத் தடிப்பாக்குகிறது; இலைத்துளைகளிலிருந்து நீராவி வெளியேறும் வேகம் குறைகிறது. அதோடு வெண்ரோமங்கள் ஒளியைத் திருப்பி அனுப்பி இலை சூடாவதைக் குறைக்கின்றன. எருக்கின் இளங்கொழுந்தில் காணும் வெண்பூச்சு இத்தகைய நுண்ரோமப் படலம். விரலால் தேய்த்தால் வந்துவிடும். காப்புக்கட்ட நாம் பறிக்கும் சிறுபீளையின் பூங்கதிர் வெளுத்திருப்பதும் பூவிதழ்களின் வெளிப்புறத்தை மூடிய பட்டு ரோமத்தால். வட அமெரிக்காவின் சோனோரா பாலைவனத்தில் என்சீலியா ஃபரினோசா என்ற செடியை 1970களில் நுணுக்கமாக அளந்தார்கள். ஈரம் இருக்கும் பருவத்தில் அது விடும் இலைகளில் ரோமம் குறைவு. வறண்ட பருவத்தில் விடும் இலைகள் வெளுக்கும் அளவுக்கு ரோமம் அடர்ந்தவை. வெளுத்த இலைகள் ஒளியை மிகக் குறைவாகவே உள்வாங்கின. அதனால் ஒளிச்சேர்க்கை குறைந்தாலும், கருகாமல் பிழைத்துக்கொண்டன. இங்கே ஒன்றை மறக்கக் கூடாது. அங்கொன்றும் இங்கொன்றுமாக நிற்கும் ரோமம் நீரைப் பெரிதாகச் சேமிப்பதில்லை. ரோமம் கண்ட இடமெல்லாம் ‘நீரைச் சேமிக்கத்தான்’ என்று பாடப்புத்தக விடையைச் சொல்லிவிடுவது சரியல்ல.

பெரும்பாலும் விடை பூச்சியில்தான் இருக்கிறது. நம் அளவில் மென்மையாகத் தெரியும் ரோமம், ஒரு மில்லிமீட்டர் நீளமுள்ள பூச்சிக்குக் கடக்க முடியாத புதர். அதன் வாயுறுப்பு இலைத்தோலை எட்டுவதில்லை, முட்டையிடவும் இடமில்லை. பீன்ஸ் இலையைச் சட்டையில் அழுத்தினால் ஒட்டிக்கொள்ளும். அதிலுள்ள ரோமங்களின் நுனி கொக்கியாக வளைந்திருப்பதே காரணம். பால்கன் நாடுகளில் மூட்டைப்பூச்சித் தொல்லைக்கு இரவில் கட்டிலைச் சுற்றி பீன்ஸ் இலைகளைப் பரப்பி, காலையில் பூச்சிகளோடு அள்ளி எரிப்பது பழைய வழக்கம். 2013இல் அமெரிக்க ஆய்வாளர்கள் அதை நுண்ணோக்கியில் பார்த்தபோது, கொக்கி ரோமங்கள் பூச்சியின் கால்களைக் குத்தித் துளைத்துப் பிடித்திருப்பது தெரிந்தது.

இதற்கு விலையும் உண்டு. பருத்தியில் ரோமம் அடர்ந்த ரகங்கள் தத்துப்பூச்சியைத் தாங்கும் என்பது உழவர்களும் ஆராய்ச்சியாளர்களும் நெடுநாளாக அறிந்தது. அதே ரோம இலைகளை வெள்ளை ஈ விரும்பி வருகிறது. ஒன்றைத் தடுத்தால் இன்னொன்றுக்கு வாசல் திறக்கிறது. பசை ரோமம் தீமை செய்யும் பூச்சியோடு, அதைத் தின்ன வரும் நன்மை செய்யும் பூச்சியையும் பிடித்துவைக்கும். செடியின் உடலில் எந்த உறுப்பும் ஒரே வேலைக்காகச் செதுக்கப்பட்டது அல்ல என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை.

கால்நடைகளையும் நம்மையும் விரட்டும் ரோமங்கள் தனி வகை. நீலகிரி, கொடைக்கானல் காடுகளில் வளரும் பெரிய சொறிச் செடிகளின் ரோமம் உட்குழலாக இருக்கும். அதன் நுனி சிலிக்காவால் ஆனது. தொட்டதும் நுனி சாய்வாக ஒடிந்து தோலில் ஏறும். அடியில் உள்ள பையிலிருந்து ஹிஸ்டமின், அசிட்டைல்கோலின் முதலியவை கலந்த திரவம் உள்ளே போகும். ஐரோப்பாவில் வளரும் இதே வகைச் செடியை லென்ஸில் வைத்து, உட்குழலையும் அடிப்பையையும் ராபர்ட் ஹூக் 1665இல் விவரித்தார். நம் சமவெளி வேலிகளில் படரும் செந்தட்டி, அதாவது காஞ்சொறி, ஆமணக்குக் குடும்பம். அதன் சுணை இயங்கும் விதமே வேறு: நடுச் செல்லில் கால்சியம் ஆக்சலேட் படிகம் ஒன்று ஊசியாக இருக்கிறது. தொட்டதும் அது குத்த, திரவம் பின்தொடர்கிறது. பூனைக்காலிக் காயின் செம்பழுப்பு ரோமத்தில் இருப்பதோ மியூகுனைன் என்ற புரதச் சிதைப்பு நொதி. அது எழுப்பும் அரிப்பு ஹிஸ்டமின் வழியில் வருவதல்ல; அதனால் வழக்கமான அலர்ஜி மாத்திரை அதற்குச் சரியாகக் கேட்காது. அரிப்பு எப்படி உண்டாகிறது என்று ஆராய்பவர்கள் இன்றும் இந்த ரோமத்தைப் பயன்படுத்துகிறார்கள். பயிராக வளர்ப்பதற்கென்று அரிப்பில்லாத பூனைக்காலி ரகங்களும் உண்டு.

இத்தகைய சுணை பட்டுவிட்டால் சொறியக் கூடாது. சொறிந்தால் ரோமம் இன்னும் ஆழமாக ஏறும். ஒட்டும் பட்டையை அந்த இடத்தில் அழுத்தி உரித்தால் பெரும்பாலான ரோமங்கள் அதோடு வரும். பிறகு சோப்பு போட்டுக் கழுவலாம். கண்ணில் பட்டாலோ மூச்சுத் திணறினாலோ உடனே மருத்துவரிடம் போக வேண்டும். பார்த்தீனியத்தைக் கையுறை இல்லாமல் பிடுங்க வேண்டாம். அதன் ரோமங்களில் உள்ள பார்த்தெனின் தொடர்ந்து பட்டால் தீராத தோல் அழற்சி வரலாம்.

பூவுக்குள்ளும் ரோமத்துக்கு வேலை உண்டு. கரிசல் காட்டில் காணும் ஆடுதின்னாப்பாளையின் பேரினத்தில், குழல் வடிவப் பூவின் உட்சுவர் ரோமங்கள் பொதுவாக உள்நோக்கிச் சாய்ந்திருக்கும். சிறு ஈ எளிதாக நுழையும், திரும்ப முடியாது. மகரந்தம் ஈயின் உடலில் படிந்தபின் ரோமங்கள் வாடித் தளர்ந்து வழி விடும். எருக்கு, வேலிப்பருத்தி விதைகளின் உச்சியில் இருக்கும் பட்டுக் குஞ்சமும் ரோமம்தான். காற்றில் போக உதவுகிறது.

இனி, அடையாளம் காண்பவர்களுக்கு நான் வலியுறுத்தும் ஒன்று. ரோமத்தின் அடர்த்தியை நம்பாதீர்கள். வகை, இடம், திசை மூன்றையும் நம்புங்கள். அடர்த்தி மாறிக்கொண்டே இருக்கும். என்சீலியா பருவத்துக்கேற்ப மாற்றிக்கொள்கிறது. கடுகுக் குடும்பத்தின் சில செடிகளில் புழு கடித்த பிறகு வரும் புதிய இலைகள் அதிக ரோமத்தோடு வருகின்றன. நிழலில் நின்ற செடியும் வெயிலில் நின்ற செடியும் ஒரே இனமானாலும் ஒரே மாதிரி இருக்காது. எருக்கின் முதிர்ந்த இலையைக் கொழுந்தோடு ஒப்பிட்டால் இரண்டு செடிகளோ என்று தோன்றும். ஆனால் நட்சத்திர ரோமம் வறட்சியில் கொக்கி ரோமமாக மாறாது. அவுரியின் இருகை ரோமம் எந்த மண்ணிலும் இருகை ரோமம்தான். அது மரபில் வருவது. ‘ரோமம் நிறைய’ என்று குறித்துவைப்பதைவிட, ‘தண்டில் கீழ்நோக்கிப் படிந்த ஒற்றை ரோமம், இலையடியில் நட்சத்திர ரோமம்’ என்று குறித்துவைப்பது நூறு மடங்கு பயன் தரும்.

தேவையான கருவி எளியது. நகை வேலை செய்பவர்கள் வைத்திருக்கும் பத்து மடங்கு மடக்கு லென்ஸ் போதும். லென்ஸைக் கண்ணோடு ஒட்டிப் பிடித்து, செடியைச் சுமார் இரண்டரை சென்டிமீட்டர் தூரத்துக்குக் கொண்டுவாருங்கள். லென்ஸைக் கையை நீட்டிப் பிடித்துப் பார்த்தால் எதுவும் தெளியாது. ரோமத்தை நேர் மேலிருந்து பார்ப்பதைவிட, தண்டை வானத்துக்கு எதிரே பிடித்து ஓரத்தைப் பார்ப்பது நல்லது. நிமிர்ந்ததா, படிந்ததா, நுனியில் உருண்டை உண்டா என்பதெல்லாம் அப்போதுதான் தெரியும். பெயர் தெரியாத கொடியைத் தொட்டுப் பார்க்கும் முன் கண்ணால் பார்த்துவிடுங்கள். ரோமம் ஒத்துப்போகிறது என்பதை மட்டும் வைத்து எந்தக் கீரையையும் மூலிகையையும் வாயில் போடாதீர்கள்.

கைபேசிச் செயலிகளிலும் குழுக்களிலும் ‘இது என்ன செடி?’ என்று வரும் படங்களில் பெரும்பாலானவை பூவின் நேர்முகத் தோற்றம் மட்டுமே. அடுத்த முறை படம் எடுக்கும்போது இலையின் அடிப்புறம், தண்டின் ஓரம், பூவின் புல்லிவட்டம், காய் ஆகிய நான்கையும் கிட்டத்தில் எடுத்துச் சேருங்கள். பெயர் சொல்ல உட்கார்ந்திருப்பவர்கள் தேடுவது அந்த நான்கு படங்களைத்தான்.